யூரேல் பாஸ்: 18 இரவுகளில் எந்த ரயிலுக்குச் செலவிடுவது?

தங்கைக்கு வணக்கம். உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அப்பாவுக்கு 62 வயது, அம்மாவுக்கு 57, உங்களுக்கு 24. மூவரும் சென்னையிலிருந்து மே மாதம் 18 இரவுகளுக்கு ஐரோப்பா வருகிறீர்கள். பாரிஸில் இறங்கி, ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் ஏறித் திரும்புகிறீர்கள். இடையில் லண்டன், பார்சிலோனா, சூரிச், ரோம், வியன்னா, ப்ராக், பெர்லின், ஆம்ஸ்டர்டாம் எல்லாம் பார்க்க வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்லும் யூரேல் பாஸை எத்தனை நாளுக்கு வாங்குவது, பாஸ் இருக்கும்போது முன்பதிவுக்கு ஏன் தனியாகப் பணம் கேட்கிறார்கள், இரவு ரயிலில் பெற்றோரை அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெர்மனியில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். ஊரிலிருந்து வந்த உறவினர்கள் பலருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஊர்களைக் குறைக்க வேண்டும். லண்டனுக்குத் தனி விசா தேவை, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அங்கே செல்லாது. லண்டனுக்குப் போகும் யூரோஸ்டார் ரயிலில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கென ஒதுக்கும் இடங்கள் குறைவு, அதற்கும் ஆளுக்கு 30 யூரோவுக்கு மேல் முன்பதிவுக் கட்டணம் உண்டு. பார்சிலோனா பாரிஸிலிருந்து ஆறரை மணி நேரத்துக்கும் மேல். போனால் அதே தூரத்தைத் திரும்பி வர வேண்டும். ஆம்ஸ்டர்டாமும் உங்கள் வழியில் ஒட்டாமல் நிற்கிறது. இந்த மூன்றையும் எடுத்துவிட்டால், பாரிஸ் 3 இரவு, சூரிச் 3, மிலான் 1, ரோம் 3, ரயிலில் 1, வியன்னா 2, ப்ராக் 2, பெர்லின் 2, கடைசியாகக் கொலோன் 1 என்று 18 இரவும் சரியாக நிரம்புகிறது. பின்னோக்கிப் போகாமல் ஒரே வளையமாகச் சுற்றி வருவீர்கள்.

இந்தக் கணக்கில் ஒன்று கண்ணில் பட்டதா? பாரிஸில் இறங்குவதால் பிரான்ஸ் விசாவுக்கு விண்ணப்பிக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். ஷெங்கன் விதிப்படி அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாடுகளில் தங்கும் நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் இறங்கும் நாடு கணக்கில் வரும். மிலானும் ரோமும் சேர்த்து இத்தாலியில் 4 இரவு. பிரான்ஸில் 3 மட்டுமே. ஆகவே நீங்கள் போக வேண்டியது இத்தாலிக்கு. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

இனி பாஸ். நீங்கள் இந்தியாவில் வசிப்பதால் உங்களுக்கு யூரேல். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு அதே பாஸ் இன்டர்ரெயில் என்ற பெயரில் கிடைக்கும். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதை வைத்து அல்ல, எங்கே வசிக்கிறோம் என்பதை வைத்தே இது முடிவாகிறது. உங்களோடு வரப்போவதாகச் சொன்ன பாரிஸ் அண்ணன் இன்டர்ரெயில்தான் வாங்க வேண்டும். அவர் வசிக்கும் பிரான்ஸுக்குள் அந்தப் பாஸ் நாட்டைவிட்டு வெளியேற ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள் என்ற அளவில்தான் செல்லும். உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வயது வகையில் அப்பா மூத்தோர், ஆகவே 10 விழுக்காடு தள்ளுபடி. நீங்கள் 27-ஐத் தாண்டாததால் இளையோர், 25 விழுக்காடு தள்ளுபடி. அம்மாவுக்கு முழு விலை. 33 நாடுகளில் செல்லும் குளோபல் பாஸில், ஒரு மாதத்துக்குள் ஏதாவது 7 நாட்கள் பயணம் செய்யும் வகை, அம்மாவைப் போல முழு விலை கொடுப்பவருக்கு இரண்டாம் வகுப்பில் ஏறக்குறைய 380 யூரோ ஆகும். விலை மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் ஒரு பயண நாளின் மதிப்பு சுமார் 55 யூரோ என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற முடிவுகளுக்கெல்லாம் அந்த எண்தான் அளவுகோல்.

பயண நாள் என்பது நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி மறு நள்ளிரவில் முடிகிறது. அதற்குள் ஒரு ரயிலில் ஏறினாலும் ஒன்பதில் ஏறினாலும் ஒரே நாள்தான். இரவு ரயிலுக்கு ஒரு சலுகை உண்டு: ஏறிய நாள் மட்டுமே கழியும். காலையில் இறங்கிய பிறகு பாஸில் வேறு ரயில் ஏறினால்தான் இரண்டாவது நாள் கழியும்.

பாஸ் கையில் இருந்தால் கண்ணில் படும் ரயிலில் எல்லாம் ஏறிவிடலாம் என்று நினைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் அது உண்மை. ஜெர்மனியின் ஐசிஇ விரைவு ரயிலோ ஆஸ்திரியாவின் ரயில்ஜெட்டோ, பாஸைக் காட்டி ஏறி, காலியான இடத்தில் உட்காரலாம். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயினின் ஆவே ஆகிய அதிவேக ரயில்களும், யூரோஸ்டாரும், எல்லா இரவு ரயில்களும் வேறு வகை. இருக்கை எண் இல்லாமல் இவற்றில் ஏறக்கூடாது. பாஸ் உங்கள் பயணக் கட்டணத்தைத்தான் அடைக்கிறது, இருக்கைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். இத்தாலியின் இட்டாலோ, பிரான்ஸின் விகோ, ஜெர்மனியின் ஃப்ளிக்ஸ்ட்ரெயின் ஆகியவை பாஸையே ஏற்பதில்லை. எனவே முன்பதிவு கட்டாயமான நாடுகளில் முன்கூட்டியே சலுகை விலை டிக்கெட் எடுத்துவிடுங்கள். கட்டாயமில்லாத நாடுகளில் பாஸைச் செலவிடுங்கள். மிலான்–ரோம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாஸில் போனால் 55 யூரோ மதிப்புள்ள ஒரு நாளும் கழிந்து, முன்பதிவுக்கு 13 யூரோவும் போகும். இரண்டு மாதம் முன்னால் தனி டிக்கெட் எடுத்தால் அதைவிட நன்றாகவே குறைந்த விலைக்குக் கிடைக்கும், மூன்று மணி நேரத்தில் ரோமில் இருப்பீர்கள்.

இப்போது பாதை. பாரிஸிலிருந்து சூரிச்சுக்கு நேரடி ரயில் இருக்கிறது, நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் அதில் பாஸ்காரர்களுக்கு முன்பதிவுக் கட்டணம் அதிகம், இடமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்குப் பதிலாகப் பாரிஸின் கார் து லெஸ்ட் நிலையத்திலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு டிஜிவியில் போங்கள். 1 மணி 46 நிமிடம், முன்பதிவு 10 முதல் 20 யூரோ. அங்கிருந்து பாசெலுக்கு வட்டார ரயில், 1 மணி 20 நிமிடம், முன்பதிவு கிடையாது. பாசெலிலிருந்து சூரிச் ஒரு மணி நேரம், அதற்கும் முன்பதிவு இல்லை. மாறும் நேரத்தையும் சேர்த்தால் நேரடி ரயிலைவிட ஒரு மணி நேரம் கூடும். பாசெல் நிலையத்தில் பிரெஞ்சு ரயில்களுக்கென்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. பழைய சுங்கச் சாவடி வழியாக நடந்து சுவிஸ் பகுதிக்குள் வர வேண்டும், அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கார் து லெஸ்ட்டும் பாரிஸின் இன்னொரு பெரிய நிலையமான கார் து நோரும் பத்து நிமிட நடைத் தொலைவில் உள்ளன. அவற்றை ஒட்டியதுதான் லா சப்பல், பாரிஸ் ஈழத் தமிழர்களின் கடைத்தெரு. அண்ணனுக்குத் தெரியாமல் இருக்காது. புறப்படும் நாளில் காலையில் அங்கே இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டு, மதியத்துக்கும் கட்டிக்கொண்டு வாருங்கள். ரயிலில் கையோடு கொண்டுவந்த உணவைச் சாப்பிட எந்தத் தடையும் இல்லை. அப்பா சைவம் என்று எழுதியிருந்தீர்கள், ரயில் உணவகத்தை மட்டும் நம்பினால் அவருக்குப் பெரும்பாலும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் கிடைக்கும்.

சூரிச்சில் தங்கும் நாட்களில் ஒரு பயண நாளை லுசேர்ன் வழியாக இன்டர்லாக்கன் போய்வரச் செலவிடுங்கள். ப்ரூனிக் கணவாயைத் தாண்டிப் போகும் அந்த ரயிலில் பாஸ் முழுமையாகச் செல்லும். 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃப்ரௌயோக்குக்குப் பாஸில் தள்ளுபடி மட்டும்தான், அதற்குப் பிறகும் செலவு பெரியது. மேகம் மூடிய நாளில் அதற்குப் பணம் கட்டாதீர்கள். மலை உச்சிக் கேமராவைக் காலையில் இணையத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அடுத்து வருகிறது. சூரிச்சிலிருந்து மிலானுக்கு 57 கிலோமீட்டர் நீளமான கோட்ஹார்டு அடிச் சுரங்கம் வழியாக மூன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். முடிந்தால் அப்படிப் போகாதீர்கள். காலை ஏழு மணி வாக்கில் புறப்பட்டுக் கிழக்கு சுவிட்சர்லாந்தின் கூர் நகரம் வரை சாதாரண ரயிலில் வந்து, அங்கே சிவப்பு நிற ரேட்டியன் ரயிலில் ஏறுங்கள். பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற கண்ணாடிக் கூரை ரயிலுக்கு முன்பதிவும் தனிக் கட்டணமும் வேண்டும். அதே தண்டவாளத்தில் ஓடும் வட்டார ரயிலுக்கு இரண்டும் வேண்டாம். இடையில் செயின்ட் மோரிட்ஸ் பக்கம் ஒருமுறை மாற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வட்டார ரயிலின் சில பெட்டிகளில் சன்னலை இறக்கலாம், கண்ணாடியில் முகம் தெரியாமல் படம் எடுக்கலாம்.

வலப்பக்கம் உட்காருங்கள். ஃபிலிசூர் வருவதற்குச் சற்று முன்னால் 65 மீட்டர் உயரமான லாண்ட்வாசர் பாலம் வளைந்து போய், எதிரே நிற்கும் செங்குத்துப் பாறைக்குள் நேராக நுழையும். முன் பெட்டிகள் சுரங்கத்துக்குள் மறைவதை உங்கள் பெட்டியிலிருந்தே பார்ப்பீர்கள். பிறகு ரயில் மலைக்குள் சுருள் சுருளாகச் சுற்றி ஏறும். சற்று முன் பக்கத்தில் இருந்த தேவாலயக் கோபுரம் இப்போது காலுக்குக் கீழே தெரியும். 2,253 மீட்டரில் ஒஸ்பீட்சியோ பெர்னினா நிலையம். மே மாதத்திலும் அங்கே பனி கிடக்கும், அம்மாவுக்குச் சால்வையை மேல் பையிலேயே வைத்திருங்கள். நம் நீலகிரி மலை ரயில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. இங்கே பல்சக்கரமே இல்லாமல், ஆயிரம் மீட்டருக்கு 70 மீட்டர் என்ற சரிவில் இறங்கி 429 மீட்டரில் உள்ள திரானோவை அடைகிறார்கள். வழியில் ப்ரூசியோவில் திறந்தவெளிப் பாலத்தில் ரயில் ஒரு முழு வட்டம் சுற்றி, தன் பாதைக்குக் கீழேயே நுழைந்து வெளியே வரும். திரானோ ஊருக்குள் தண்டவாளம் தெருவிலேயே ஓடுகிறது, மாதா கோயில் வாசலில் கார்கள் நமக்காகக் காத்து நிற்கும். அங்கே இத்தாலிய நிலையம் சில அடிகள் தள்ளித்தான். கோமோ ஏரிக் கரையோரமாக இரண்டரை மணி நேரத்தில் மிலான் வந்துவிடும். அதுவும் வட்டார ரயில், முன்பதிவு இல்லை. நாள் முழுவதும் ஒரே ஒரு பயண நாள் கழிந்திருக்கும், தனியாக ஒரு காசும் செலவாகியிருக்காது. பாஸின் விலையில் பாதி இந்த ஒரு நாளிலேயே மனத்தளவில் வசூலாகிவிடும் என்பது என் கருத்து.

ரோமிலிருந்து வியன்னாவுக்கு நைட்ஜெட் என்ற இரவு ரயில். இரவு ரயிலைப் பற்றி நீங்கள் பயப்பட்டது நியாயம், ஆனால் பதில் எந்த வகை இடம் எடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. உட்காரும் இடம் வேண்டவே வேண்டாம், 62 வயதில் யாரையும் இரவு முழுவதும் அப்படி உட்கார வைக்கக்கூடாது. கூஷெட் என்பது நம் மூன்றடுக்குப் பெட்டி போல, நான்கு அல்லது ஆறு பேர் ஒரே அறையில். உங்களுக்கு ஏற்றது மூன்று படுக்கைகள் கொண்ட உறங்கும் அறை. மூவரும் சேர்ந்து எடுத்தால் அறை முழுவதும் உங்களுடையது, உள்ளே கைகழுவும் தொட்டி, உள்பக்கத் தாழ்ப்பாள் எல்லாம் உண்டு. இரவு பணியாளர் ஒரு சீட்டைத் தருவார். ரொட்டி, வெண்ணெய், தேன், பழக்கூழ், தயிர், காபி, தேநீர் என்று அதில் உள்ள காலை உணவுப் பட்டியலில் ஆறைக் குறித்துக் கொடுத்தால், விடிந்ததும் அறைக்கே வரும். மேல்படுக்கைக்கு ஏணி ஏற வேண்டும், அது உங்களுக்கு. ஒரு நாள் ஓட்டல் வாடகையும் ஒரு பகல் பொழுதும் மிச்சமாவதால் படுக்கைக் கட்டணத்துக்குத் தயங்காதீர்கள். ஆனால் இந்த மூவர் அறைகள் ஒரு ரயிலில் மிகச் சிலவே. உங்கள் பயணத்தில் முதலில் தீர்ந்துபோகக் கூடியது இதுதான்.

வியன்னா–ப்ராக், ப்ராக்–பெர்லின் இரண்டும் நான்கு மணி நேரப் பயணங்கள். முன்கூட்டி எடுத்தால் இரண்டுக்குமே மலிவான டிக்கெட் கிடைக்கும். அதனால் 5 நாள் பாஸ் போதாதா என்று கேட்பீர்கள். போதும், கணக்குப்படி சில யூரோ மிச்சமும் ஆகலாம். நான் 7 நாள்தான் சொல்வேன். மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும். பயணத்தின் இரண்டாம் பாதியில் பெற்றோர் களைத்திருப்பார்கள், ஒருநாள் காலையில் இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கட்டும் என்று உங்களுக்குத் தோன்றும். அப்போது அடுத்த ரயிலில் போக முடிவது அந்த வித்தியாசத்துக்குத் தகும். ப்ராக்கிலிருந்து பெர்லின் போகும்போதும் வலப்பக்கம் உட்காருங்கள், எல்பே ஆறும் அதன் மணற்பாறைகளும் ட்ரெஸ்டன் வரை கூடவே வரும்.

ஜெர்மனிக்குள் வந்தபின் நேரத்தை நம்பாதீர்கள். 2024-இல் இங்கே தொலைதூர ரயில்களில் 62.5 விழுக்காடுதான் குறித்த நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாமல். அதனால்தான் விமானத்துக்கு முந்தைய இரவைக் கொலோனில் வைத்தேன். அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையம் ஐசிஇ-யில் ஒரு மணி நேரம், ரயில் விமான நிலையத்துக்குள்ளேயே போய் நிற்கும். 7 நாளும் தீர்ந்திருக்கும், இதற்குத் தனி டிக்கெட். இருந்தாலும் விமானத்துக்குத் தேவையான நேரத்துக்கு இரண்டு ரயில் முன்னதாகவே புறப்படுங்கள்.

பெர்லினிலிருந்து கொலோன் போகும் பல ரயில்கள் ஹம் என்ற ஊரில் இரண்டாகப் பிரிகின்றன. ஒரு பாதி டோர்ட்முண்ட், டியூசல்டார்ஃப் பக்கமும் மறுபாதி வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்கும் போகும். இரண்டு பாதிகளுக்கும் நடுவே உள்ளே நடந்து போக வழி இல்லை. என் அத்தை வந்திருந்தபோது நடைமேடையில் அவசரத்தில் அருகில் இருந்த கதவில் ஏறிவிட்டார். தவறான பாதி என்று ஹம்மில்தான் தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் பெட்டிகளை இறக்கி, நடைமேடையில் ஓடி ஏறினோம். ஏறும் முன் கதவருகே உள்ள திரையில் சேருமிடத்தைப் படியுங்கள். இருக்கை முன்பதிவு இங்கே கட்டாயம் இல்லை, ஆனாலும் இந்த நீண்ட பயணத்துக்கு ஆளுக்கு ஐந்தாறு யூரோ கொடுத்து எடுத்துவிடுங்கள். நடைமேடையில் எந்த எழுத்துக்கு நேரே உங்கள் பெட்டி நிற்கும் என்று முன்பே தெரிந்துவிடும்.

அதே ஹம்மில்தான் ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. அம்மாவுக்கு விருப்பமானால் காலையில் பெர்லினை விட்டு, ஹம்மில் இறங்கி, பெட்டிகளைப் பூட்டறையில் வைத்துவிட்டு, ஊருக்கு வெளியே ஊன்ட்ராப் பகுதிக்குப் போய் வணங்கிவிட்டு, மாலையில் கொலோன் போகலாம். ஒரே பயண நாளுக்குள் அடங்கும். கோயில் நடை திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்பே பாருங்கள்.

பாஸ் இப்போது கைபேசியில்தான். ரெயில் பிளானர் என்ற செயலியில் மூவரின் பாஸையும் உங்கள் ஒரே கைபேசியில் ஏற்றலாம், ஆனால் ஒரு பாஸ் ஒரு நேரத்தில் ஒரு கைபேசியில்தான் இருக்கும். பெற்றோர் தனியாக எங்கும் போகப் போவதில்லை என்றால் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ரயில் ஏறும் முன் அந்த ரயிலைச் செயலியில் சேர்த்துப் பயண நாளை இயக்க வேண்டும். பரிசோதகர் வந்தபின் சேர்ப்பது டிக்கெட் இல்லாமல் பயணம் செய்ததாகவே கருதப்படும். மூன்று நாளுக்கு ஒருமுறையாவது செயலி இணையத்தோடு இணைந்திருக்க வேண்டும். பவர் பேங்க்கும் மூன்று கடவுச்சீட்டுகளும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

சாமான் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இங்கே போர்ட்டர் கிடையாது. சில ரயில் பெட்டிகளுக்குள் மூன்று படி ஏற வேண்டும், இடைநிலையங்களில் ரயில் நிற்பதே இரண்டு மூன்று நிமிடம். ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, அப்பா தானே தூக்கக்கூடிய எடை, அதற்குமேல் வேண்டாம்.

பாஸ் வாங்க இன்னும் அவசரம் இல்லை. வாங்கிய 11 மாதத்துக்குள் இயக்கத் தொடங்கினால் போதும், அடிக்கடி தள்ளுபடியும் வரும். இயக்காத சாதாரணப் பாஸைத் திருப்பிக் கொடுக்கலாம், தள்ளுபடியில் வாங்கியதற்கு அந்த வசதி இருக்கிறதா என்று நிபந்தனையைப் படியுங்கள். நைட்ஜெட் படுக்கைகளோ ஏறக்குறைய ஆறு மாதம் முன்பே விற்பனைக்கு வந்துவிடும். ரோம்–வியன்னா தேதியை இந்த வாரமே அப்பாவோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், மற்ற ஊர்களின் நாட்களை அந்த இரவிலிருந்து முன்னும் பின்னுமாக எண்ணிக்கொள்ளலாம். தேதி முடிவானதும் எழுதுங்கள், பெர்னினா நாளுக்கான ரயில் நேரங்களை நானே பார்த்து அனுப்புகிறேன்.